லிப்யூஎஸ்பி சாதனங்கள் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. பெரும்போக அறுவடை இறங்கும் நாட்களில் வாசலில் போடிமாரின் (பெரிய வயற்காரர்களின்) நெல் மூடை ஏற்றிய உழவு மெசின் பெட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே மூன்று மேடைத் தராசு, ஒரு லேபல் பிரிண்டர், மூலையில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. எடையை வாசித்து மூடைக்கு லேபல் அடிக்கும் புரோகிராம் நான் சி மொழியில் எழுதியது. தராசுகளுக்குள் இருக்கும் பலகைகளோடு அது லிப்யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது; யூஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் பங்ஷன்களின் நூலகம் அது. அறுவடைக் காலத்தில் ஆலைக்கார ஹாஜியாரின் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, மெசின் திரும்பவும் படுத்திட்டு. போடிமார் வெளிய நிக்கிறாங்க."

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று போய், காரைதீவுச் சந்தியில் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அவ்வளவு தூரம் போய் வயரைக் கழற்றித் திரும்பச் செருகிவிட்டு வந்த நாட்களும் உண்டு. மெசின் எழும்பும், நாலு நாளில் மறுபடி படுக்கும். கோளாறு வயரில் இல்லை, என் புரோகிராமில்தான் என்று ஒத்துக்கொள்ள ஒரு போகம் எடுத்தது.

அதற்குப் பிறகு நான் எழுதி வைத்த குறிப்புகள்தாம் இவை. என்ன தெரிகிறது என்பதைத் தலைப்பாக வைத்து, காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். பங்ஷன் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் "லிப்யூஎஸ்பி" என்ற ஒட்டு வரும். ஒவ்வொரு தடவையும் அதை எழுதவில்லை. -3, -6 மாதிரி வருபவை அந்தப் பங்ஷன்கள் திருப்பித் தரும் பிழை எண்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலகம் உங்களிடம் தருவது இரண்டு வகைப் பொருள். ஒன்று டிவைஸ்: "இந்த பஸ்ஸில், இந்த போர்ட்டில் இப்படி ஒரு சாதனம் செருகியிருக்கிறது" என்ற பதிவு. மற்றது ஹாண்டில்: அந்தச் சாதனத்தைத் திறந்த பிறகு கிடைப்பது. டிவைஸை வைத்து விவரம் கேட்கலாம், தரவு வாங்க முடியாது. ஹாண்டிலை வைத்துத்தான் தரவு வாங்கலாம். டிவைஸுக்கு ரெஃபரன்ஸ் கணக்கு (எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) உண்டு, ஹாண்டிலுக்கு இல்லை. அதை ஓப்பன் செய்தவர் ஒரே தடவை குளோஸ் செய்ய வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவை.

இன்னொன்று. எந்தக் கோளாறாக இருந்தாலும் புரோகிராமை ஓட்டுவதற்கு முன் "லிப்யூஎஸ்பி_டீபக்" என்ற சூழல் மாறியை 4 என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எல்லாப் பெரிய எழுத்திலும் எழுத வேண்டும். நூலகம் தான் செய்வதை எல்லாம் திரையில் கொட்டும். ஊகித்துக்கொண்டிருந்த எத்தனையோ மணித்தியாலம் எனக்கு இதால் மிஞ்சியிருக்கும், முதலே தெரிந்திருந்தால்.

## சாதனம் பட்டியலிலேயே இல்லை

உங்கள் புரோகிராமைத் தொடாதீர்கள். செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்துப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் பிரச்சினை வயரில், ஹப்பில் அல்லது பலகையில். போன் சார்ஜ் செய்ய மட்டும் செய்த வயர்கள் உண்டு, உள்ளே தரவுக் கம்பியே இருக்காது. ஆலைப் பொடியன் ஒரு தடவை அப்படி ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டியிருந்தான். பலகையில் விளக்கு எரிந்தது, ஆகவே "வேலை செய்யுது" என்று எல்லோரும் நம்பினோம்.

எல்எஸ்யூஎஸ்பியில் இருக்கிறது, உங்கள் பட்டியலில் மட்டும் இல்லை என்றால், நீங்கள் வைத்திருப்பது பழைய பட்டியல். கெட்_டிவைஸ்_லிஸ்ட் தருவது அந்தக் கணத்தில் எடுத்த படம் மாதிரி. பிறகு செருகியது அதில் தானாக வந்து சேராது. திரும்பக் கேட்க வேண்டும்.

## பட்டியலில் இருக்கிறது, திறந்தால் -3

அனுமதி இல்லை. ரூட்டாக ஓட்டினால் திறக்கும், சாதாரணப் பயனராக ஓட்டினால் திறக்காது என்பதை வைத்து உறுதி செய்யலாம். உறுதி செய்வதற்கு மட்டும்தான் ரூட். அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். யூடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்கு அனுமதி வைக்கும் பகுதி) விதிக் கோப்பில் ஒரு வரி எழுதி, உங்கள் சாதனத்தின் வெண்டர் எண்ணுக்கும் புராடக்ட் எண்ணுக்கும் பயனர் குழுவுக்கு வாசிக்க எழுத அனுமதி கொடுங்கள். எழுதியதும் விதிகளை மீள ஏற்றச் சொல்லி யூடெவ்அட்மினிடம் சொல்ல வேண்டும். அப்புறம் சாதனத்தைக் கழற்றிச் செருக வேண்டும். ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனத்துக்கு விதி தானாகப் போய்ச் சேராது. இந்தக் கடைசிப் படியை மறந்து "விதி வேலை செய்யவில்லை" என்று விதியையே பத்துத் தடவை திருத்தியவன் நான்.

விண்டோஸில் இதே இடத்தில் -12 வரலாம். அங்கே சாதனம் பட்டியலில் தெரியும், ஆனால் அதற்கு வின்யூஎஸ்பி மாதிரி லிப்யூஎஸ்பிக்குத் தெரிந்த ஒரு டிரைவர் மாட்டப்படவில்லை. ஸாடிக் என்ற இலவசக் கருவியால் மாட்டலாம். தேர்வு செய்யும்போது கவனம்: கீபோர்டைத் தேர்ந்து அதற்கு மாட்டிவிட்டால் கீபோர்ட் போய்விடும்.

## திறக்கிறது, கிளெய்ம் செய்தால் -6

"வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்" என்பது -6. கிளெய்ம் என்றால் சாதனத்தின் இன்டர்ஃபேஸை "இது எனக்கு" என்று பிடித்துக்கொள்வது, ரிலீஸ் என்றால் அதை விடுவது. எங்கள் லேபல் பிரிண்டரில் பிடித்திருந்தது லினக்ஸ் கெர்னலின் சொந்த பிரிண்டர் டிரைவர். சாதனத்தைச் செருகியதுமே அது வந்து உட்கார்ந்துவிடும். ஹாண்டிலைத் திறந்த உடனேயே, கிளெய்ம் செய்வதற்கு முன், செட்_ஆட்டோ_டிட்டாச்_கெர்னல்_டிரைவர் பங்ஷனை 1 கொடுத்து அழையுங்கள். கிளெய்ம் செய்யும்போது கெர்னல் டிரைவர் எழும்பிப் போகும். ரிலீஸ் செய்யும்போது திரும்பி வந்து உட்காரும். கையால் டிட்டாச் செய்து பிறகு அட்டாச் செய்ய மறப்பதை விட இது நல்லது.

கெர்னல் டிரைவரும் இல்லை, ஆனாலும் -6 என்றால் உங்கள் புரோகிராமின் இன்னொரு பிரதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ஒரே சாதனத்தை இரண்டு பேர் திறக்கலாம், முட்டுவது கிளெய்ம் செய்யும் இடத்தில்தான். அதனால்தான் "திறந்துவிட்டதே, அப்புறம் ஏன்" என்று குழப்பம் வருகிறது. ஆலையில் யாரோ ஐகானை இரண்டு தடவை தட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

## மேசையில் ஓடுகிறது, ஆலையில் செக்மென்டேஷன் ஃபால்ட்

இதுதான் என் ஒரு போகத்தைத் தின்ற கோளாறு. தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டுப் புரோகிராம் விழுவதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறிகுறி இப்படி: மட்டக்களப்பில் என் மேசையில் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆலையில் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை விழுந்தது. விழுந்த இடம் கெட்_போர்ட்_நம்பர்ஸ் அல்லது கெட்_டிவைஸ்_டிஸ்கிரிப்டர். இரண்டும் இலகுவான பங்ஷன்கள், விழுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கொடுத்த பாயிண்டர் (பொருள் இருக்கும் நினைவக முகவரி) செத்திருந்தால் தவிர.

ரெஃபரன்ஸ் கணக்கு நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஆலையில் போடிமாருக்கு வெற்றுச் சாக்குக் கொடுக்கும்போது கொப்பியில் ஒரு கோடு போடுவார்கள். சாக்கு திரும்பி வந்தால் ஒரு கோட்டை அடித்து நீக்குவார்கள். டிவைஸ் பொருளிலும் அப்படி ஒரு கோட்டுக் கணக்கு உண்டு. கோடு பூச்சியமானால் நூலகம் அந்தப் பொருளை அழித்துவிடும்.

கோடு ஏறுவது இவற்றால்: கெட்_டிவைஸ்_லிஸ்ட் தரும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிவைஸுக்கும் ஒன்று; ரெஃப்_டிவைஸ் அழைத்தால் ஒன்று; ஓப்பன் செய்தால் ஒன்று. இறங்குவது: ஃப்ரீ_டிவைஸ்_லிஸ்ட்டின் இரண்டாவது மதிப்பாக 1 கொடுத்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒன்று, அன்ரெஃப்_டிவைஸுக்கு ஒன்று, ஓப்பனில் ஏறியது குளோஸில் இறங்கும். ஹாண்டிலிலிருந்து டிவைஸைத் தரும் கெட்_டிவைஸ் பங்ஷன் மட்டும் எதையும் ஏற்றுவதில்லை. அது காட்டித் தருகிறது, கையில் தரவில்லை.

நான் செய்தது: பட்டியலை வாங்கினேன். மூன்று தராசுகளின் டிவைஸ் பாயிண்டர்களையும் என் அணியில் நகல் எடுத்தேன். பட்டியலை 1 கொடுத்து விடுவித்தேன். பிறகு தேவைப்படும்போது அணியிலிருந்து எடுத்துத் திறந்தேன். நூலகத்தின் கணக்கில் அந்தப் பாயிண்டர்கள் என்னிடம் இல்லவே இல்லை. கொப்பியில் எழுதாமல் சாக்கை எடுத்துப் போன மாதிரி.

சரி, அப்படியானால் உடனே விழ வேண்டுமே, மேசையில் ஏன் இரண்டு நாள் ஓடியது? இங்கேதான் சூட்சுமம். லினக்ஸில் நூலகம் சாதனங்கள் வருவதையும் போவதையும் தானே கவனித்து, செருகியிருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தன் பங்காக ஒரு கோட்டை வைத்திருக்கிறது. நீங்கள் பட்டியலை விடுவித்த பிறகும் அந்த ஒரு கோடு மிச்சம். ஆகவே உங்கள் பாயிண்டர் தற்செயலாக உயிரோடு இருக்கும். சாதனம் கழன்று, நூலகம் அந்த நிகழ்வைக் கையாளும்போது தன் கோட்டை அடிக்கும். அப்போதுதான் பொருள் அழிகிறது, உங்கள் பாயிண்டர் வெறும் முகவரி ஆகிறது. என் மேசையில் யாரும் வயரில் கால் தட்டவில்லை. ஆலையில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தராசுப் பலகைகள் அணைந்து எழும்பின. பெட்டிக்கு மட்டும் யூபிஎஸ் இருந்ததால் புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது, செத்த பாயிண்டர்களோடு.

இந்தப் பிழையைப் பிடிக்க நாட்கணக்கில் ஓட்டத் தேவையில்லை. ஓடும்போது வயரைக் கழற்றிச் செருகுங்கள். கம்பைல் செய்யும்போது அட்ரஸ் சானிட்டைஸர் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வால்கிரைண்டில் ஓட்டுங்கள். பொருள் எந்த வரியில் அழிந்தது, எந்த வரியில் நீங்கள் அதைத் தொட்டீர்கள் என்று இரண்டையும் காட்டும். எனக்கு மூன்றாவது கழற்றலிலேயே காட்டியது.

திருத்தம் இரண்டு வகை. பட்டியல் கையில் இருக்கும்போதே ஓப்பன் செய்துவிட்டு, பிறகு பட்டியலை 1 கொடுத்து விடுவியுங்கள். ஓப்பன் தன் கோட்டைப் போட்டுவிட்டதால் ஹாண்டில் இருக்கும் வரை டிவைஸ் இருக்கும். இது போதும் என்றால் இதையே செய்யுங்கள். திறக்காமல் டிவைஸை மட்டும் வைத்திருக்க வேண்டும் என்றால் பட்டியலை விடுவிப்பதற்கு முன் ரெஃப்_டிவைஸ் அழையுங்கள், முடிந்ததும் அன்ரெஃப். முன் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். விடுவித்த பிறகு ரெஃப் செய்வது, லொறி போன பிறகு சாக்கு எண்ணுவது.

ஒன்று கூடச் சொல்ல வேண்டும். கோடு இருப்பதால் பொருள் உயிரோடு இருக்கும், சாதனம் உயிரோடு இருக்கும் என்று அர்த்தமில்லை. கழன்ற சாதனத்தின் டிவைஸை நீங்கள் பிடித்திருந்தால் புரோகிராம் விழாது. ஆனால் திறக்கப் போனால் -4, அதாவது "சாதனம் இல்லை" என்ற எண் கிடைக்கும். அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். விழுவதற்குப் பதிலாகப் பிழை எண் வருவது பெரிய முன்னேற்றம்.

## விழவில்லை, ஆனால் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர் நோய். பயந்துபோய் எல்லா இடத்திலும் ரெஃப் போட்டவர்களுக்கு வருவது, நானும் அதில் சேர்த்தி. இங்கே இரண்டு வேறு கசிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீ_டிவைஸ்_லிஸ்ட்டை அழைக்கவே இல்லை என்றால் பட்டியல் அணியே ஒவ்வொரு தடவையும் தங்கும். இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை பட்டியல் கேட்கும் புரோகிராம் ஒரு நாளில் 43,200 தடவை கேட்கிறது. 9 சாதனம் இருந்தால் அணியில் முடிவுக் குறியோடு 10 பாயிண்டர், 64 பிட் மெசினில் 80 பைட். நாளுக்கு 3 எம்பியைத் தாண்டும். நேர்கோடாக ஏறும், சீக்கிரம் கண்ணில் படும்.

அழைக்கிறீர்கள், ஆனால் இரண்டாவது மதிப்பாக 0 கொடுக்கிறீர்கள் என்றால் அணி போய்விடும், டிவைஸ்களின் கோடுகள் அப்படியே நிற்கும். இது தந்திரமானது. சாதனங்கள் செருகியபடியே இருந்தால் அதே பொருள்களில் கோடு மட்டும் ஏறும், நினைவகம் ஏறாது. ஒவ்வொரு தடவை கழன்று செருகும்போதும் புதுப் பொருள் ஒன்று பிறக்கும், பழையது சாகாது. ஆகவே ஏற்றம் படிப்படியாக இருக்கும்: மின்சாரம் போன நாட்களில் ஏறும், மற்ற நாட்களில் சும்மா இருக்கும்.

0 எப்போது சரி? பட்டியலில் இருந்த ஒவ்வொரு டிவைஸையும் நீங்களே தனித்தனியாக அன்ரெஃப் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும். நான் இன்றுவரை அப்படி ஒரு தேவையைச் சந்திக்கவில்லை. 1 போடுங்கள், வேண்டியதை முன்பே ரெஃப் செய்யுங்கள்.

சுழலுக்குள்ளே இருக்கும் ரிட்டர்ன்களைத் தேடுங்கள். "தராசு கிடைத்துவிட்டது, திரும்பு" என்று நடுவில் வெளியேறும் வரி, பட்டியலை விடுவிக்காமல் வெளியேறும். பிழைப் பாதைகளிலும் அதுதான் நடக்கும். பங்ஷனின் அடியில் ஒரே ஒரு விடுவிக்கும் இடம் வைத்து, எல்லாப் பாதையும் அங்கே வரும்படி "கோட்டூ" (goto) கட்டளை போடுவது சி மொழியில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

டிவைஸ் டிஸ்கிரிப்டர் உங்கள் சொந்த மாறியில் எழுதப்படுகிறது, விடுவிக்கத் தேவையில்லை. கான்ஃபிக் டிஸ்கிரிப்டர் அப்படியில்லை. கேட்டால் நூலகம் இடம் ஒதுக்கித் தருகிறது. ஃப்ரீ_கான்ஃபிக்_டிஸ்கிரிப்டர் அழைக்க வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதில் தடுமாறாதவர் குறைவு.

எங்கே கோடு மிஞ்சியது என்று தெரியாவிட்டால் புரோகிராமை ஒழுங்காக முடித்து எக்ஸிட் வரை ஓட விடுங்கள். புதிய பதிப்புகளில், இன்னும் யாராவது பிடித்திருக்கும் சாதனங்களின் பஸ் எண்ணையும் முகவரியையும் நூலகம் எச்சரிக்கையாக எழுதும்.

## இரண்டாம் தராசின் எடை முதலாம் தராசில் வருகிறது

இது விழுவதை விட மோசம். விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். எடை மாறினால் யாருக்கும் தெரியாது, ஒரு போடியார் சண்டைக்கு வரும் வரை. வந்தார். அவருடைய மூடைக்கு அடித்த லேபல் பக்கத்துத் தராசில் இருந்த மூடையுடையது.

என் முதல் பிழை ஓப்பன்_டிவைஸ்_வித்_விஐடி_பிஐடி. வெண்டர், புராடக்ட் எண்களைக் கொடுத்தால் ஒரே வரியில் திறந்துவிடும், இனிக்கும். ஆனால் ஒரே எண்ணுள்ள மூன்று சாதனம் இருந்தால் பட்டியலில் முதலில் வருவதை மட்டும் தரும். திறக்காவிட்டால் நல் பாயிண்டர்தான், ஏன் என்று சொல்லாது. அந்த நூலகத்தின் ஆவணமே இதை உண்மையான பயன்பாட்டுக்கு உரியதல்ல என்கிறது. பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பிழை சாதன முகவரியை அடையாளமாக வைத்தது. முகவரி 1 முதல் 127 வரை ஓர் எண். கெர்னல் அதை ஒவ்வொரு செருகலுக்கும் புதிதாகக் கொடுக்கிறது. காலையில் 5, 6, 7 என்று இருந்த தராசுகள், ஜெனரேட்டர் மாறியதும் எந்தப் பலகை முதலில் எழும்பியதோ அந்த வரிசையில் 8, 9, 10 ஆகின்றன. "சிறியது முதல் தராசு" என்று எழுதிய என் கோட் அன்றைக்கு ஆளை மாற்றிக் காட்டியது.

மாறாதது போர்ட் வழி. கெட்_பஸ்_நம்பரும் கெட்_போர்ட்_நம்பர்ஸும் சேர்ந்து "பஸ் 1, போர்ட் 2, அதிலுள்ள ஹப்பின் போர்ட் 4" என்ற மாதிரி வழியைத் தரும். அணிக்கு 7 இடம் ஒதுக்கினால் போதும்; யூஎஸ்பியில் அதற்கு மேல் ஆழம் இல்லை. அதே துவாரத்தில் செருகும் வரை வழி அதேதான். ஆகவே ஹப்பின் துவாரங்களுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் 1, 2, 3 என்று எழுதினேன். சிரிக்காதீர்கள், ஆலைத் தூசியில் மார்க்கர் மை ஒரு மாதம் நிற்காது.

இதைவிடச் சரியான வழி பலகைக்கே தனி சீரியல் எண் கொடுப்பது. எங்கள் பலகைகளில் இருப்பது எஸ்டிஎம்32 சிப். ஒவ்வொரு சிப்பிலும் 96 பிட் தனி அடையாள எண் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபெர்ம்வெயரில் அதை எடுத்து யூஎஸ்பி சீரியல் சரமாகக் காட்டும்படி மாற்றினால் எந்தத் துவாரத்தில் செருகினாலும் தராசு தராசுதான். ஒரு குறை: சீரியல் சரத்தை வாசிக்க ஹாண்டில் வேண்டும், அதாவது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் ஆள் யார் என்று அறியலாம். அனுமதி இல்லாத, வேறு யாருடையதோ ஆன சாதனங்களைத் திறக்கப் போகாமல் முதலில் வெண்டர், புராடக்ட் எண்களால் வடிகட்டுங்கள். அவற்றுக்குத் திறக்கத் தேவையில்லை. பார்த்துப் பொருந்தாததை உடனே குளோஸ் செய்யவும் மறக்காதீர்கள்.

## கழன்று திரும்பச் செருகினால் வருவதில்லை

வாசிக்கும்போது -4 வந்துவிட்டதா? அந்த ஹாண்டிலுக்கு இனி மறுபிறப்பு இல்லை. அதே சாதனத்தை அதே துவாரத்தில் செருகினாலும் நூலகத்துக்கு அது வேறு டிவைஸ். பழையதை குளோஸ் செய்யுங்கள். சாதனம் போன பிறகும் குளோஸ் தேவை, இல்லாவிட்டால் கோடு மிஞ்சும். பிறகு புதிதாகத் தேடித் திறந்து, கிளெய்ம் செய்து, ஆட்டோ டிட்டாச்சையும் திரும்ப வையுங்கள். அந்த அமைப்பு ஹாண்டிலோடு சேர்ந்தது, டிவைஸோடு அல்ல.

ரீசெட்_டிவைஸ் அழைத்த பின் -5 வந்தாலும் இதே கதை. சாதனம் மறுபடி எண்ணப்பட்டுவிட்டது, உங்கள் ஹாண்டில் பழையது என்று அர்த்தம்.

இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை பட்டியல் கேட்பதை விட ஹாட்பிளக் கால்பேக் (சாதனம் வரும்போதும் போகும்போதும் நூலகம் தானே அழைக்கும் உங்கள் பங்ஷன்) நல்லது. 1.0.16 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஓடும் மெசினில் ஆதரவு உண்டா என்று ஹாஸ்_கேப்பபிலிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதிலும் நான் நாலு குழியில் விழுந்தேன்.

கால்பேக் வரவே இல்லை: நிகழ்வுகளைக் கையாளும் சுழல் ஓடவில்லை. ஹாண்டில்_ஈவென்ட்ஸை யாராவது அழைத்துக்கொண்டிருந்தால்தான் கால்பேக் ஓடும். தனித் திரெட் (புரோகிராமுக்குள் கூடவே ஓடும் இன்னோர் ஓட்டம்) ஒன்றை அதற்கே ஒதுக்கினேன். (பெயரில் ஹாண்டில் இருப்பதால் குழம்ப வேண்டாம், இது "கையாள்" என்ற வினை.)

முதல் தடவை வருகிறது, இரண்டாம் தடவை வரவில்லை: கால்பேக்கின் அடியில் ரிட்டர்ன் 1 என்று எழுதியிருப்பீர்கள். "வெற்றி" என்று நினைத்து எழுதுவது. ஆனால் 1 கொடுத்தால் "எனக்கு இனி வேண்டாம், பதிவை நீக்கு" என்று அர்த்தம். 0 கொடுங்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு போனது எனக்கு.

ஏற்கெனவே செருகியிருந்த தராசுகளுக்கு வரவில்லை: பதிவு செய்யும்போது "ஏற்கெனவே இருப்பவற்றையும் சொல்" என்ற எனுமரேட் கொடியைக் கொடுக்கவில்லை.

கால்பேக்குக்குள்ளேயே புரோகிராம் தொங்குகிறது: உள்ளே சீரியல் சரம் கேட்டிருப்பீர்கள், அல்லது கன்ட்ரோல் டிரான்ஸ்பர் செய்திருப்பீர்கள். காத்திருக்கும் வகைப் பங்ஷன்களை அங்கே அழைக்கக் கூடாது. சாதனம் வந்த நிகழ்வில் டிவைஸை ரெஃப் செய்து உங்கள் வரிசையில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மிச்ச வேலையை இன்னொரு திரெட் பார்க்கட்டும். அது முடித்ததும் அன்ரெஃப் செய்யட்டும். சாதனம் போன நிகழ்வில் இன்னும் இறுக்கம்: டிவைஸ் டிஸ்கிரிப்டரைக் கேட்பது மட்டும் பாதுகாப்பு. நான் அங்கே பாயிண்டரை என் அணியோடு ஒப்பிட்டு, "இது போய்விட்டது" என்று குறித்துவிட்டு வருகிறேன். ஒப்பிடுவதற்கு நான் ஒரு கோடு பிடித்திருப்பதால், அதே முகவரியில் வேறு டிவைஸ் வந்து பிறக்கும் ஆபத்தும் இல்லை.

## -7, -8, -9

-7 நேரம் முடிந்தது. ஆனால் ஒன்றுமே வரவில்லை என்று அர்த்தமில்லை. எத்தனை பைட் வந்தது என்ற மாறியைப் பாருங்கள், பாதி வந்திருக்கலாம். அதை வீசினால் அடுத்த வாசிப்பு நடுவிலிருந்து தொடங்கி, எடை 4.7 கிலோ என்று வரும். நேர வரம்பாக 0 கொடுத்தால் முடிவில்லாமல் காத்திருக்கும்.

-8 சாதனம் அனுப்பியது உங்கள் பஃபரை விடப் பெரிது. வாசிக்கும் பஃபரை எண்ட்பாயிண்டின் (சாதனத்தில் தரவு வந்துபோகும் வாசல்) உச்சப் பாக்கெட் அளவின் மடங்காக வையுங்கள். ஃபுல் ஸ்பீட் பல்க்கில் அது 64 வரை, ஹை ஸ்பீடில் 512.

-9 எண்ட்பாயிண்ட் நின்றுவிட்டது. கிளியர்_ஹால்ட். கன்ட்ரோல் டிரான்ஸ்பரில் வந்தால் "நீ கேட்டது எனக்குத் தெரியாது" என்று பலகை சொல்கிறது, ஃபெர்ம்வெயரைப் பாருங்கள்.

## மூடும்போது தொங்குகிறது, அல்லது மூடிய பிறகு விழுகிறது

அசின்க் டிரான்ஸ்பர் (கேட்டுவிட்டுக் காத்திராமல், முடிந்ததும் கால்பேக்கில் பதில் வாங்குவது) பாவிப்பவர்களுக்கு. கேன்சல்_டிரான்ஸ்பர் திரும்பிவிட்டது என்றால் ரத்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ரத்துக் கோரிக்கை போயிருக்கிறது, அவ்வளவே. கேன்சல்ட் என்ற நிலையோடு, அல்லது அதற்குள் முடிந்துபோயிருந்தால் வேறு நிலையோடு, கால்பேக் ஒரு தடவை வரும். வரும் வரை டிரான்ஸ்பரையும் அதன் பஃபரையும் விடுவிக்கக் கூடாது. வருவதற்கு நிகழ்வுச் சுழல் ஓட வேண்டும். சுழலை முதலில் நிறுத்திவிட்டுக் கால்பேக்குக்குக் காத்திருந்தால் விடியும் வரை காத்திருக்கலாம்.

என் வரிசை: கேன்சல், எல்லாக் கால்பேக்கும் வரும் வரை சுழலை ஓட்டு, டிரான்ஸ்பரை விடுவி, இன்டர்ஃபேஸை ரிலீஸ் செய், ஹாண்டிலை குளோஸ் செய், பிடித்திருந்த டிவைஸ்களை அன்ரெஃப் செய், ஹாட்பிளக் பதிவை நீக்கு, சுழல் திரெட்டை முடி, கடைசியாக எக்ஸிட். எக்ஸிட்டுக்குப் பிறகு எந்த டிவைஸையும் தொடாதீர்கள், அன்ரெஃப் செய்வதற்குக் கூட.

## எல்லாம் சரி, ஆனாலும் கழன்று கழன்று வருகிறது

இப்போது வயரைப் பாருங்கள். டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவில், அந்தச் சாதனத்தின் வரிகளில் "பிழை -71" அடிக்கடி வந்தால், பெரும்பாலும் வயர், இணைப்பு அல்லது மின்சாரம். அந்த -71 கெர்னலின் எண், லிப்யூஎஸ்பியின் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டாம்.

யூஎஸ்பி 2 துவாரம் ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டியது. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மூன்று தராசையும் மாட்டினால் மூன்றும் அந்த ஒரு துவாரத்தைப் பங்கு போடுகின்றன. ஹப்புக்குத் தனி அடாப்டர் கொடுத்து, அதையும் யூபிஎஸ்ஸில் செருகினோம். ஜெனரேட்டர் மாறும்போது பலகைகள் இப்போது அணைவதில்லை.

மூன்றாம் தராசு மட்டும் அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை கழன்றது. மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்த 5 மீட்டர் வயரைப் பிரித்து, 2 மீட்டர் வயராக மாற்றி, சுவரின் மறுபக்கமாக இழுத்தோம். ஹாஜியார் இப்போது வேறு விஷயத்துக்கு எடுக்கிறார்: லேபலில் எழுத்துச் சின்னதாம்.